பாறைக் கோயிலில் ஒற்றை ஷூ

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது அமெரிக்காவின் டென்வரிலிருந்து எஸ்டஸ் பார்க் என்ற மலையூருக்குக் கூட்டிப்போனேன். வேண்டுமென்றே ஆலன்ஸ்பார்க் வழியாகச் சுற்றினேன். அங்கே 7-ஆம் எண் நெடுஞ்சாலை ஓரத்தில், ஒரு பாறையின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது புனித கத்தரீனா சிற்றாலயம். 1936-ல் கட்டி முடித்தது. பின்னால் மீக்கர் மலை. கோயிலின் நிழல் கீழே குளத்தில் விழுகிற படத்தைக் காட்டித்தான் அம்மாவைக் கிளப்பியிருந்தேன்.

குளத்தைக் காணோம். 2013 வெள்ளத்தில் மலைச்சரிவு இறங்கி வந்து அதை அழித்துவிட்டது. படம் எப்போது எடுத்தது என்று பார்த்தால்தானே! 2011-ல் பக்கத்துத் தியான இல்லத்தில் தீ வேறு. இரண்டுக்கும் இந்தக் கோயில் அசையவில்லை.

"பாறை மேல கட்டினா அப்படித்தான்டா. ராயப்பர்கிட்ட இயேசு அதைத்தானே சொன்னாரு" என்றார் அம்மா. கான்வென்ட்டில் படித்தவர், இயேசுவின் சீடர் பேதுரு இன்னமும் அவருக்கு ராயப்பர்தான். 1916-ல் விழுந்த எரிநட்சத்திரத்தைத் தேடிப்போன போசெட்டி என்ற பாதிரியார் இந்தப் பாறையைக் கண்டார் என்று ஒரு கதை உண்டு. 1993-ல் போப் வந்து ஜெபித்த இடம் என்றும் சேர்த்துச் சொன்னேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

"பாப்பரசர் வந்த இடத்துல ஷூவோட ஏறுறதா?"

அக்டோபர் குளிர். கல் ஐஸாக இருந்தது. அம்மா ஷூவைக் கழற்றி, ஒன்றைப் படியோரம் வைத்தார், இன்னொன்றைத் தள்ளியிருந்த பைன் மரத்தடியில். ஜோடியாக இருந்தால் எவனாவது எடுத்துக்கொண்டு போய்விடுவானாம். வேறு வழியில்லாமல் நானும் கழற்றினேன்.

உள்ளே சின்ன இடம், கல் சுவர், நல்ல அமைதி. நான் கால் விரல்களுக்காக வேண்டிக்கொண்டேன்.

வெளியே வந்தால் படியோரம் ஏழெட்டு ஷூக்கள், வரிசை பிடித்தாற்போல. எங்களைப் பார்த்து ஒரு பையன் கழற்றியிருக்கிறான், அவனைப் பார்த்து அவன் அம்மா, அவர்களைப் பார்த்து ஒரு வயதான தம்பதி. அந்தப் பெரியவர் என்னிடம் ரகசியமாக, "சாக்ஸ் போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா 'தாராளமா' என்கிற மாதிரி நம்மூர்த் தலையாட்டு ஆட்டினார். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ, குனிந்து சாக்ஸையும் உருவினார்.

அப்புறம் பைன் மரத்தடிக்குப் போனோம். ஷூ இல்லை. எந்த மரம் என்பதிலும் சந்தேகம் வந்துவிட்டது. அரைமணி நேரம் வெறும் சாக்ஸோடு மரம் மரமாகத் தேடினோம். போசெட்டிக்காவது ஒரு பாறை கிடைத்தது.

கடைசியில் கார் நிறுத்துமிடத்தில் இருந்தது. யாரோ புண்ணியவான், தொலைந்துபோன ஷூ என்று நினைத்து, எல்லார் கண்ணிலும் படும்படி அறிவிப்புப் பலகையின் மேல் வைத்திருந்தார்.

அம்மா அதைத் தட்டிப் போட்டுக்கொண்டே சொன்னார்: "பாத்தியா? ஜோடியா வெச்சிருந்தா போயிருக்கும்."