மலை ரயிலில் போட்ட வேகக் கணக்கு

டிக்கெட், அறை, சாப்பாடு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஊட்டி மலை ரயிலை விட்டு மனம் நகரவே மாட்டேன் என்கிறது!

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பினால் நண்பகல் வாக்கில் ஊட்டி. 46 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 5 மணி நேரம். எட்டாவது படிக்கும் மகள் மனக்கணக்காகவே வகுத்துவிட்டாள். “மணிக்கு ஒன்பது சொச்சம்தான்பா. சைக்கிளே முந்திடும்.”

அது சராசரி வேகம். கல்லாறிலும் ஹில்குரோவிலும் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கிற நேரம், குன்னூரில் எஞ்சின் மாற்றுகிற நேரம் எல்லாம் அந்த ஐந்து மணியில் அடக்கம். (ஹில்குரோவில் வடையைக் குரங்கிடமிருந்து காப்பாற்றுங்கள். வடை அருமை.) கல்லாறு தாண்டினால் பல்சக்கரப் பாதை: எஞ்சினின் பல்சக்கரம் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பற்களைக் கவ்வி ஏறும். 12 மீட்டருக்கு 1 மீட்டர் என்கிற அளவுக்குச் செங்குத்து. நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ள, மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறோம்.

வழியில் 16 குகைகள். ஒன்றின் நீளத்தைக் கண்டுபிடிக்கலாம் என்றாள். குகை வாசலில் மொபைல் ஜிபிஎஸ் மணிக்கு 9 கிலோமீட்டர் காட்டியது. 1 கிலோமீட்டர் 1000 மீட்டர், 1 மணி 3600 விநாடி, சுருக்கினால் 5/18. ஒன்பதை அதனால் பெருக்கினால் விநாடிக்கு 2.5 மீட்டர். எங்கள் ஜன்னல் இருட்டில் நுழைந்து வெளிச்சத்துக்கு வர 30 விநாடி. ஆக, குகை சுமார் 75 மீட்டர்.

“ரயில் நீளத்தையும் கணக்குல சேர்க்கணுமேப்பா?” என்றாள். நல்ல கேள்வி! முழு ரயிலும் குகையைக் கடக்கும் நேரத்தை எடுத்தால் சேர்க்கத்தான் வேண்டும். நாங்கள் பார்த்தது ஒரே ஜன்னலை. அது கடந்தது குகையின் நீளத்தை மட்டும்தான். பாடப்புத்தகத்தில் இதை எத்தனை முறை படித்தாலும் புரியாத பிள்ளைகளை இந்த ஜன்னலோரம் உட்கார வைக்க வேண்டும்.

ஊட்டியில், பக்கத்திலுள்ள பைக்காரா அருவிக்குப் போக நாங்கள் விசாரித்த டாக்ஸிக்காரர் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. கிலோமீட்டருக்கு 20 ரூபாய், பேட்டா 300 என்றார். மொத்தம் 2,000 கேட்டார். மகள் தாளில் எழுதினாள்: 300 + 20x = 2000. x என்பது கிலோமீட்டர்; விடை 85. பைக்காரா போக வரவே சுமார் 40 கிலோமீட்டர்தான்! அவர் சொன்ன ரேட்டிலேயே 1,100தான் வருகிறது. தாளைக் காட்டினேன். “சீசன் சார்” என்றார். சமன்பாட்டில் சீசன் எங்கே வருகிறது? பட்ஜெட் தாங்காது என்று அரசுப் பேருந்தில் ஏறிவிட்டோம். நீங்களும் அதிலேயே போங்கள்.