பொம்மைப் படம்தானே என்று போட்டுவிட்டேன்

என் அண்ணன் மகளுக்கு ஏழு வயது. விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒரு மத்தியானம், "அத்தை, ஏதாவது படம் போடு" என்றாள். மின்மினிகளுக்கு நடுவே ஓர் அண்ணனும் தங்கையும் இருக்கும் படம் கண்ணில் பட்டது. அவளுக்கும் நாலு வயதில் ஒரு தம்பி இருக்கிறான். வரைந்த படம், பிள்ளைகள் கதை, வேறென்ன யோசிக்க இருக்கிறது என்று போட்டுவிட்டேன். 1988-ல் இசாவோ தகஹாட்டா இயக்கிய 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' அது.

தொடங்கிய சில நிமிடங்களிலேயே அந்த அண்ணன் ஒரு ரயில் நிலையத்தில் பட்டினியால் செத்துப்போகிறான். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். போகப் போகச் சரியாகிவிடும் என்று நம்பினேன். பேச்சு ஜப்பானிய மொழியில். அடியில் ஓடுகிற எழுத்தை அவளால் அந்த வேகத்தில் படிக்க முடியாது. அதனால் நான் வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் தாயை இழந்த அந்தப் பிள்ளைகள் உறவுக்கார அத்தை ஒருத்தியின் வீட்டில் ஒண்டுகிறார்கள். போகப் போக அவளுக்கு இவர்கள் பாரமாகிவிடுகிறார்கள். அவள் சொல்லிக் காட்டியதையெல்லாம் என் மருமகள் கேட்டது என் குரலில்தான்.

தங்கை பசி மயக்கத்தில் மிட்டாய் என்று நினைத்துக் கண்ணாடிக் குண்டைச் சப்புகிற இடத்தில் நிறுத்தினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு மூன்று முறை எழுந்து போய், தூங்குகிற தம்பியின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். காலையில் கேட்டாள்: "அந்த அத்தை ஏன் அவங்களை நல்லா வெச்சுக்கல? எங்களுக்கு அம்மா இல்லன்னா நீ எங்களை வெச்சுப்பியா?"

வெச்சுப்பேன் என்றேன். சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு தடவை கேட்டாள்.

அப்புறம் ஒருநாள் தனியாக உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தேன். மகத்தான படம், அதில் சந்தேகமே இல்லை. போர்க்காலத்தில் தன் தங்கையைப் பசிக்குப் பறிகொடுத்த அகியுகி நோசாகா, அந்தக் குற்றவுணர்வு ஆறாமல் 1967-ல் எழுதிய கதை. பெரியவர்கள் பார்த்துத் தலைகுனிய வேண்டியதை ஏழு வயதுப் பிள்ளையின் மடியில் இறக்கி வைத்தது என் தவறு.

சான்றிதழைப் பார்த்துப் போட வேண்டியதுதானே என்று கேட்கலாம். முயல்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறும் 'வாட்டர்ஷிப் டவுன்' படத்துக்கு 1978-ல் பிரிட்டன் தணிக்கைக் குழு எல்லோரும் பார்க்கலாம் என்று 'யு' கொடுத்தது. அதை, பெற்றோர் யோசித்துக் காட்ட வேண்டிய 'பிஜி' என்று மாற்ற நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதனால் முதலில் நான் பார்த்துவிடுகிறேன், அப்புறம்தான் பிள்ளைகளுக்கு.

அதற்காகச் சாவும் நோயும் எட்டிப் பார்க்காத படங்களாகத் தேடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. தகஹாட்டாவின் படம் வெளியான அதே நாளில், அதே பட நிறுவனமான ஸ்டுடியோ ஜிப்லியிலிருந்து, அதோடு சேர்த்தே திரையிடப்பட்டது ஹயாவோ மியாசாகியின் 'மை நெய்பர் டோட்டரோ'. அதிலும் மூத்தது ஒன்று, நாலு வயதில் ஒரு தங்கை. அம்மா நோயாளியாக மருத்துவமனையில் கிடக்கிறாள், திரும்பி வருவாளா என்ற பயம் படம் நெடுக இருக்கிறது. ஒரு கட்டத்தில் தங்கை காணாமல் போகிறாள். குளத்தில் ஒரு சின்னச் செருப்பு மிதக்கிறது. சாதாரண பயமா அது? ஆனால் அங்கே அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து குளத்தைத் துழாவுகிறார்கள். முதல் படத்தில் அந்த இரண்டு பிள்ளைகளைத் தேட ஒருவர்கூட வரவில்லை. நான் இப்போது பார்ப்பது இதைத்தான்: கதைக்குள் பிள்ளைக்காக ஓடி வரும் பெரியவர் யாராவது இருக்கிறாரா? இருந்தால் ஏழு வயதுக்கும் எவ்வளவோ துக்கம் தாங்கும். இல்லையென்றால் அந்தப் படம் சில வருஷம் காத்திருக்கலாம்.

அடுத்த விடுமுறையில் டோட்டரோவைப் போட்டேன். குளத்துக் காட்சி வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் தேடுகிறவர்களை ஒவ்வொருவராக விரலால் எண்ண ஆரம்பித்தாள். "இத்தனை பேர் தேடறாங்க அத்தை, கெடச்சிருவா" என்றாள்.

மற்றதற்கு, அந்த அண்ணனின் வயதான பதினான்கு வரட்டும், சேர்ந்து பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.