போக ஆறே முக்கால், வர ஒண்ணே முக்கால்

டிக்கெட்டைப் பார்த்ததும் அம்மாவுக்கு வந்த முதல் சந்தேகம் நேரத்தைப் பற்றித்தான். சென்னையில் இரவு 11.15க்கு ஏறினால் சிங்கப்பூரில் காலை 6 மணிக்கு இறங்குகிறோம். திரும்பும்போது அங்கே இரவு 8க்கு ஏறினால் இங்கே 9.45.

“இன்னாடா இது, போக ஆறே முக்கால் மணி, வர ஒண்ணே முக்காலா? வர்றப்ப மட்டும் வேகமா ஓட்டுவானா?”

இரண்டுமே நாலேகால் மணி நேரம்தான், அவர்கள் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது என்றேன். தலையை ஆட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

எனக்கோ கவலையெல்லாம் வேலூரிலிருந்து சென்னை விமான நிலையம் வரையிலான முதல் 130 கிலோமீட்டர்தான். ஊருக்குப் பக்கத்தில் அப்துல்லாபுரத்தில் விமான ஓடுதளம் இருந்தும் நாங்கள் போனபோது பயணிகள் விமானம் இல்லை. காட்பாடியில் ரயில் பிடித்து, சென்ட்ரலில் மெட்ரோ மாறி மீனம்பாக்கம் போயிருக்கலாம். ஆனால் தங்கைக்கென்று ஆற்காடு மக்கன் பேடா மட்டுமே இரண்டு கிலோ. மூட்டை முடிச்சுகளைப் பார்த்ததும் கார்தான் என்று முடிவானது. சாயங்காலம் 4 மணிக்குச் சத்துவாச்சாரியில் கிளம்பினோம். வாலாஜா டோல்கேட், காவேரிப்பாக்கம் வரை வழுக்கிக்கொண்டு போன வண்டி, ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி பஸ்களுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. விமான நிலையத்தில் இறங்கியபோது 8.15. சரியாக நாலேகால் மணி நேரம்! கடல் தாண்டி 2,900 கிலோமீட்டர் போகவும் அதே நேரம்தான்.

அம்மா ஏறியதுமே தூங்கிவிட்டார். நான் முன்னிருக்கைத் திரையில் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வங்காள விரிகுடாவைக் குறுக்கே வெட்டி, நிக்கோபாரின் தென்முனையை ஒட்டிப் போய், சுமத்ரா பக்கம் திரும்பி மலாக்கா நீரிணையோடு இறங்குகிறது பாதை. வேகம் மணிக்கு 850 கிலோமீட்டர் வாக்கில். அந்தக் கணக்குக்கு மூன்றரை மணியில் போய்விட வேண்டும். மீதியைத் தரையில் ஊர்ந்து போவதும், மேலேறுவதும், வேகம் குறைத்து இறங்குவதும் தின்றுவிடுகின்றன.

காலை 6 மணிக்கு இறங்கினால் வெளியே கும்மிருட்டு. அங்கே சூரியன் உதிக்கவே ஏறக்குறைய 7 ஆகிறது. சூரியக் கணக்கில் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் சுமார் ஒன்றரை மணிதான் வித்தியாசம். 1982இல் மலேசியாவோடு சேர்ந்து கடிகாரத்தை இன்னும் அரை மணி முன்னே தள்ளிவைத்துக்கொண்டார்கள்.

தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு 50 கிலோமீட்டர் என்று தங்கை சொன்னாள். “நம்ம வேலூர் ஆம்பூர் தூரந்தானே? இதுக்கா இவ்ளோ பேச்சு?” என்றார் அம்மா.

ஒன்பது நாளும் அவர் கைக்கடிகாரத்தைத் திருப்பவே இல்லை. ஊர் மணிக்கு 6 ஆனால்தான் காபி. தங்கை வீட்டில் அப்போது 8.30, மாப்பிள்ளை ஆபீசுக்கே கிளம்பியிருப்பார். திரும்பி வந்து சென்னையில் இறங்கியபோது நான்தான் முள்ளைத் திருகிக்கொண்டு நின்றேன். அம்மா அவர் கடிகாரத்தைக் காட்டி, “மணி பத்தாவப் போவுது, காரைக் கூப்பிடு” என்றார்.