அலமாரியில் ஒரே எண்ணில் இரண்டு டப்பாக்கள்

மொன்டானாவில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். அக்டோபர் கடைசியில் மான் வேட்டைக் காலம் தொடங்கிவிட்டால் சனி, ஞாயிறுகளில் காட்டில்தான் இருப்பேன். ரைஃபிளுக்கான தோட்டாக்களை வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிறேன் என்று சொன்னால், ஊரிலிருந்து பேசும் சொந்தக்காரர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "வீட்டோடு வெடித்துவிடாதா?"

புகையில்லா வெடிமருந்து திறந்த இடத்தில் தீப்பிடித்தால் சீறிக்கொண்டு எரியும். அடைத்து வைத்தால்தான் வெடிக்கும். ஆகவே பத்திரம் என்று நினைத்து அதை இரும்புப் பெட்டகத்தில் பூட்டுவது பெரிய தவறு. கடையில் தந்த டப்பாவிலேயே, மர அலமாரியில், ஹீட்டருக்கு எட்டாத தூரத்தில் வைத்திருக்கிறேன். வெடிமருந்தைப் பற்றவைக்க ஒவ்வொரு தோட்டாவின் அடியிலும் பொருத்தும் சிறு மூடிகளான ப்ரைமர்கள் தனி இடத்தில், வந்த அட்டைப் பெட்டியிலேயே இருக்கின்றன. அலமாரிக்குப் பூட்டு உண்டு, சாவி என்னிடம்.

என் பயம் வேறு. மருந்துக்கடையில் ஹைட்ராக்சிசின், ஹைட்ராலசின் என்று இரண்டு உண்டு. முன்னது அரிப்புக்கு, பின்னது இரத்த அழுத்தத்துக்கு. அவசரத்தில் கை மாறிவிடும் என்பதால் தள்ளித் தள்ளி வைப்போம். வெடிமருந்திலும் இதே கூத்துதான். ஹெச் 4350, ஐஎம்ஆர் 4350 இரண்டுக்கும் எண் ஒன்று, எரியும் வேகம் வேறு. ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் போடக்கூடாது. நான் பயன்படுத்தும் .30-06 தோட்டாவுக்குத் தர அமைப்பான ஸாமி வைத்திருக்கும் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. கார் டயரில் இருப்பது முப்பத்துச் சொச்சம். அந்த அறுபதாயிரத்தை அடக்கி வைத்திருக்கும் இரும்புக்குப் பக்கத்தில்தான் கன்னத்தைப் பதித்துக் குறி பார்க்கிறோம்.

எனவே மேசைமேல் எப்போதும் ஒரே ஒரு டப்பா. அளவுக் கருவியின் குடுவையில் மிஞ்சியதை எழுந்திருக்கும் முன்பே அதே டப்பாவில் கொட்டிவிடுவேன். நேற்று குடுவையில் விட்டது எது என்று நிறத்தையும் மணி வடிவத்தையும் பார்த்து ஊகிக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். பெயர் தெரியாத வெடிமருந்துக்கு என் வீட்டில் ஒரே இடம்தான்: புல்வெளி. மெல்லத் தூவிவிட்டால் அதிலுள்ள நைட்ரஜன் புல்லுக்கு உரமாகிவிடும்.

அளவு கிரெய்ன் கணக்கில். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன், ஒரு கிரெய்ன் ஏறக்குறைய 65 மில்லிகிராம். 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை அந்தக் காலத்து ஐந்து கிரெய்ன்தான் என்பதால் எனக்கு இது பழகிய கணக்கு. மின் தராசை முன்கூட்டியே போட்டுவைத்து, சோதனை எடைக்கல்லை வைத்துப் பார்த்த பிறகே தொடங்குவேன். மின்விசிறியின் காற்றே எண்ணைக் கலைத்துவிடும். அளவைத் தயாரிப்பாளர் வெளியிட்ட அட்டவணையிலிருந்துதான் எடுப்பேன். முதலில் அதன் தொடக்க அளவு, பிறகு சிறுகச் சிறுக மேலே. இணையத்தில் யாரோ எழுதிவைத்த 'என் ரைஃபிளில் நன்றாகப் போகிறது' என்ற எண் எனக்கு வேண்டாம். குறைத்துப் போட்டால் பத்திரம் என்பதும் பொய்: மெதுவாக எரியும் மருந்தை அட்டவணைக்குக் கீழே இறக்கினால் அழுத்தம் தாறுமாறாக ஏறக்கூடும்.

மறுபடி நிரப்புவதற்காக, ஏற்கெனவே சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்கும் வேலைதான் எனக்குப் பிடித்தமானது. அடிப்பாகத்துக்குச் சற்று மேலே, சுற்றிலும் பளபளவென்று ஒரு கோடு ஓடினால் அங்கே உலோகம் இழுபட்டு மெலிந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். காகிதக் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, நுனியை மட்டும் வளைத்து, கூட்டுக்குள் விட்டு அடியிலிருந்து மேலே இழுப்பேன். வழவழவென்று வந்தால் சரி. நுனி ஒரு பள்ளத்தில் 'டக்'கென்று தட்டினால் அந்தக் கூட்டின் வாயைக் குறட்டால் நசுக்கிக் குப்பையில் போடுவேன். நசுக்காமல் போட்டால் பிறகு சிக்கனப் புத்தி எட்டிப் பார்க்கும்.

மருந்து நிரப்பும்போது செல்போன் வேறு அறையில். நடுவில் மகள் "அம்மா" என்று கூப்பிட்டால் அப்போது கையிலிருக்கும் கூட்டைக் காலி செய்துவிட்டுத்தான் போவேன். கூட்டின் வாயில் குண்டை வைத்து மூடும் முன் டார்ச் அடித்து எல்லாக் கூடுகளையும் வரிசையாகப் பார்ப்பேன். மட்டம் ஒன்றுபோல் இருக்க வேண்டும். கூட்டை ஏறக்குறைய நிறைக்கும் மருந்தாகத் தேர்ந்தெடுத்தால் தவறி இரண்டு முறை கொட்டினாலும் வழிந்து காட்டிக்கொடுக்கும். மருந்தே விழாமல் போனால் ப்ரைமரின் வேகத்தில் குண்டு குழலுக்குள் பாதியில் சிக்கிக்கொள்ளலாம். சத்தம் சப்பென்று இருந்தால் அடுத்ததைச் சுடாமல், தோட்டாவை அகற்றிவிட்டுக் குழலைப் பார்த்தாக வேண்டும்.

குண்டு செம்பில்தான் வாங்குகிறேன். 2008-ல் பக்கத்து வடக்கு டகோடாவில், ஏழைகளுக்காகக் கொடுத்த மான் இறைச்சியில் ஈயத் துகள்கள் இருப்பதாகத் தெரிந்து உணவு வங்கிகளிலிருந்து அதை அப்புறப்படுத்தச் சொன்னார்கள். நாம் காட்டில் விட்டுவரும் குடலைத் தின்னும் கழுகுகளுக்கும் அதே நஞ்சுதான். ஆனால் செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதே எடைக்குக் குண்டு நீளமாகி, கூட்டுக்குள் மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஈயக் குண்டின் அட்டவணை இதற்கு உதவாது. சுட்ட கூடுகளில் ப்ரைமர் விட்டுச்செல்லும் ஈயமும் இருக்கும், ஆகவே மேசையில் காபி கிடையாது, எழுந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவல்.

பெட்டிமேல் மருந்தின் பெயர், அளவு, குண்டு, தேதி எல்லாம் எழுதி ஒட்டுவேன். ஒரு பெட்டி தாருங்களேன் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. மான் இறைச்சி தருகிறேன், மிளகு வறுவல் செய்தும் தருகிறேன், தோட்டா தருவதில்லை. என் ரைஃபிளில் சாதுவாக நடந்துகொள்கிற அளவு அவர்கள் ரைஃபிளில் தோட்டா உட்காரும் அறையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு நான் பொறுப்பேற்க முடியாது.