காற்றைச் சொல்லாத ஆட்டம்

பயிற்சி விமானிகளுக்கு வான்வழிக் கணிப்பு, அதாவது விமானம் எங்கே இருக்கிறது, எத்திசையில் போக வேண்டும் என்று கணக்கிடும் முறை, கற்பித்த ஆண்டுகளில், கணக்குத் தெரியாத மாணவரை நான் அதிகம் கண்டதில்லை. கணக்குப் போட அவகாசமே இல்லாதபோது திணறியவர்களைத்தான் கண்டேன். இரண்டாம் உலகப் போர்க்காலப் பயிற்சி முறைகளை நான் தேடிப் படிக்க அதுவே காரணம்.

இலக்கைத் தாக்கியதாகக் கூறப்பட்ட பிரிட்டிஷ் விமானங்களில் மூன்றில் ஒன்றே இலக்குக்கு 5 மைலுக்குள் சென்றிருந்ததை இரவுக் குண்டுவீச்சின் துல்லியத்தை ஆராய்ந்து 1941 ஆகஸ்டில் தயாரான பட் அறிக்கை காட்டியது. ஒரு பாகை பிசகினால் 60 மைலுக்கு 1 மைல் விலகுவோம் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. 5 பாகை பிசகினால் 300 மைல் போவதற்குள் 25 மைல் விலகிவிடும். இருட்டில் பறக்கப்போகும் இளைஞர்கள் அந்தப் பிழையைத் தரையிலேயே செய்து பார்க்க வேண்டியிருந்தது. அதற்காக உருவான லிங்க் வான்கணிப்புப் பயிற்சிக் கருவி, விண்மீன்களை அளந்து இருப்பிடம் கணிக்கப் பழக்குவதற்காக, 45 அடி உயரக் கோபுரத்துக்குள் செயற்கை விண்மீன்களையே சுழலவிட்டது.

என்னை அதிகம் ஈர்த்தவர் பிரிட்டிஷ் விமானி பிரான்சிஸ் சிச்செஸ்டர். 1931இல் ஜிப்சி மாத் விமானத்தில் நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையிலான டாஸ்மன் கடலைத் தனியாகக் கடந்தபோது, அவர் வழியில் இறங்க வேண்டிய சிறு தீவை நேராகக் குறிவைக்காமல் வேண்டுமென்றே ஒருபுறம் விலகிப் பறந்தார். கோணம் அளக்கும் கருவியான செக்ஸ்டன்டால் சூரியனை அளந்து, தீவின் வழியே செல்லும் கோட்டை எட்டியதும், தீவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்திருந்ததால், எந்தப் பக்கம் திரும்புவது என்ற ஐயமே அவருக்கு எழவில்லை. போர்க்காலத்தில் அவர் இங்கிலாந்தின் ஹல்லாவிங்டன் விமானப்படைத் தளத்தில் வான்வழிக் கணிப்பு கற்பித்தார்.

இவற்றிலிருந்து நான் அமைத்துக்கொண்ட ஆட்டம் எளியது. மேசையில் வரைபடம், சுவரில் கடிகாரம். காற்றின் திசையும் வேகமும் எனக்கு மட்டுமே தெரியும். 6 நிமிடத்துக்கு ஒருமுறை, அதாவது 120 நாட் (மணிக்கு 120 கடல் மைல்) வேகத்தில் 12 கடல் மைலுக்கு ஒருமுறை, மாணவர் தம் இருப்பிடத்தைக் குறிக்க வேண்டும். இடையிடையே ஒரு ரயில் பாதையோ ஆற்று வளைவோ தென்பட்டதாகச் சொல்வேன். முதலில் உண்மையான இடத்துக்கு அருகில் குறித்தவர்களுக்கு மதிப்பெண் கொடுத்தேன். அது ஊகத்தையே வளர்த்தது. பிறகு புள்ளிக்குப் பதிலாக வட்டம் வரையச் சொல்லி, தம் ஐயத்தின் அளவை நேர்மையாக வரைந்தவர்களுக்கே மதிப்பெண் கொடுத்தேன்.

அதன் பின்னரே பலர், கடற்கரையோரச் சிறு விமானத்தளத்தைத் தேடும்போது, வட்டத்தின் அகலத்துக்கு ஏற்ப வடக்கே ஒதுங்கிச் சென்று, கரையைக் கண்டவுடன் தெற்கே திரும்பத் தொடங்கினார்கள். கடிகாரத்தை ஒரு நிமிடம் நிறுத்தும்படி கேட்டவர்களும் உண்டு. பறக்கும் விமானம் அவர்களுக்காக நிற்காது என்பதால், நான் ஒருபோதும் நிறுத்தியதில்லை.