641-ஐ விழுங்கிய நிரல்

நேற்று ராத்திரி எட்டாவது ஃபெர்மா எண் காரணிகளாக உடைந்தது. ஃபெர்மா எண் என்றால் 2^(2^n) + 1; n-க்கு 8 போட்டால் 2^256 + 1, மொத்தம் 78 இலக்கம். திரையில் வந்து நின்ற காரணி 1238926361552897. வகுத்துப் பார்த்தேன், மீதி பூஜ்யம். ஈவு 62 இலக்கம், அதுவும் மில்லர்-ராபின் சோதனையில் பகா எண் என்றே வருகிறது. பிரெண்டும் பொல்லார்டும் 1980-லேயே கண்டுபிடித்த காரணிதான், புதுசு ஒன்றுமில்லை. ஆனாலும் சொந்த நிரல் துப்பும்போது வருகிற சந்தோஷமே தனி.

நான் போட்டது பொல்லார்டின் ரோ முறை: ஒரு எண்ணை வர்க்கமாக்கி 1 கூட்டி, உடைக்க வேண்டிய எண்ணால் வகுத்த மீதியை எடுத்து, அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டு போவது. அந்த வரிசையில் ஆமை ஒரு அடி, முயல் இரண்டு அடி; ஒரு காரணியால் வகுத்த மீதியில் இரண்டும் மோதினால், அவற்றின் வித்தியாசத்துக்கும் எண்ணுக்கும் மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி) எடுத்து அந்தக் காரணியைப் பிடிக்கலாம். நான் நான்கு நாள் மாட்டிக்கொண்டது மீ.பொ.வ. எடுக்கும் இடத்தில். ஒவ்வொரு அடிக்கும் எடுத்தால் வேகம் செத்துவிடும் என்று, ஆயிரம் அடிக்கான வித்தியாசங்களைப் பெருக்கி வைத்துக்கொண்டு கடைசியில் ஒரே தடவை எடுத்தேன். சோதனைக்கு ஐந்தாவது ஃபெர்மா எண்ணைக் கொடுத்தேன். 4294967297. வந்த விடை: 4294967297. தொடக்க எண்ணை மாற்றினேன், அதே விடை. கூட்டும் 1-ஐ 3 ஆக்கினேன், அதே விடை. 1732-இல் ஆய்லர் கையாலேயே கண்டுபிடித்த 641, என் லேப்டாப் கண்ணுக்குத் தெரியவில்லை!

கடைசியில் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. இந்த எண்ணுக்கு வெறும் வர்க்கம் போடாமல் x^128 + 1 போட்டிருந்தேன். 640 என்பது 128 × 5. ஆக 641-ஆல் வகுத்த மீதிகளில் x^128-க்கு பூஜ்யத்தையும் சேர்த்து ஆறே மதிப்புதான் உண்டு. ஆமையும் முயலும் ஆறு அடிக்குள் மோதிவிடும். சரி, இன்னொரு காரணியான 6700417? அங்கே 52348 மதிப்பு, சில நூறு அடியில் அதுவும் மோதிவிடும். நான் எட்டிப் பார்ப்பதோ ஆயிரமாவது அடியில். அதற்குள் இரண்டு காரணியும் பெருக்கலுக்குள் போய், பெருக்கலே பூஜ்யமாகிவிட்டது. பூஜ்யத்துக்கும் எண்ணுக்கும் மீ.பொ.வ. எடுத்தால் அந்த எண்தானே வரும்.

மருந்து சின்னதுதான். ஒவ்வொரு ஆயிரத்தின் தொடக்கத்திலும் ஆமை, முயல் இரண்டின் இடத்தையும் குறித்து வைத்துக்கொள்வது. விடையாக அந்த எண்ணே வந்தால் பின்வாங்கி, ஒவ்வொரு அடியாக மீ.பொ.வ. எடுத்துக்கொண்டு நடப்பது. உடனே 641 வந்து குதித்தது.

எட்டாவது எண்ணுக்கு அடுக்கு 1024. அதன் காரணிகளை 1024-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும் என்பதால் இந்தக் குறுக்குவழி. மூன்றரைக் கோடி அடி நடக்க வேண்டிய இடத்தில் பத்து லட்சத்தைச் சுற்றி முடிந்துவிடுகிறது. ஒரு அடிக்குப் பத்து வர்க்கம் போட வேண்டியிருந்தாலும் லாபம்தான். டீ போட்டுக்கொண்டு வருவதற்குள் விடை வந்திருந்தது. எட்டாவது எண் பகு எண் என்று 1909-இல் தெரிந்து, காரணி கிடைக்க 71 வருஷம் ஆகியிருக்கிறது.

ஒன்பதாவதையும் தொட ஆசை. 2424833 சுலபமாக விழுந்துவிடும், மிச்சமுள்ள 148 இலக்கம் ரோவுக்கு அடங்காது. 1990-இல் அதை உடைத்தது எண் புலச் சல்லடை என்ற இன்னும் பலமான முறை. அதற்கு ராம் நிறைய வேண்டும் என்று விசாரிக்கப் போனால், கடைக்காரர் கிராபிக்ஸ் கார்டை என் தலையில் கட்டப் பார்க்கிறார். முதலில் காரணி தேடும் இன்னொரு வழியான நீள்வட்ட வளைகோட்டு முறையை எழுதிப் பழக வேண்டும்.

இடையில் ஏழாவதை விட்டுவிட்டேன். 39 இலக்கம்தானே, எட்டாவதில் பாதி என்று அலட்சியம். அதன் சின்னக் காரணியே 59649589127497217, 17 இலக்கம்! ரோவுக்கு எட்டாவதைப் போலப் பத்து மடங்கு நடை. இப்போது அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது, ஃபேன் சத்தம் பக்கத்து அறை வரை கேட்கிறது.