பெர்லினில் வாக்கு, கார்ல்ஸ்ரூவில் கோப்பு: மரீ பாம்

நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தவர் மாநில அரசில் கோப்பு பார்க்க வந்தால் நம் கண்ணுக்கு அது இறங்குமுகம். ஜெர்மனியின் மரீ பாம் விஷயத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். அவருடைய உண்மையான வேலை கோப்பில்தான் இருந்தது.

1874-இல் டான்சிக்கில் பிறந்தவர். சூரிச்சில் வேதியியல் முனைவர் பட்டம். 1902-இல் பாடன் மாநிலத் தொழிற்சாலை ஆய்வாளர், 1907 முதல் டுசெல்டார்ஃபில் கைக்குழந்தைகள் நலப்பணி. 1919-இல் ஜெர்மன் ஜனநாயகக் கட்சி சார்பில், புதிய குடியரசின் அரசமைப்பை எழுதிய வைமார் தேசிய அவைக்குத் தேர்வானார். அதே ஆண்டே பாடன் அரசு அவரைத் தன் தலைநகர் கார்ல்ஸ்ரூவுக்கு அழைத்து நலப்பணிப் பொறுப்பைக் கொடுத்தது.

இரண்டையும் ஒருசேர எப்படி வைத்துக்கொண்டார்? இந்தியாவில், அரசின் கீழ் ஆதாயம் தரும் பதவி வகிப்பவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கப் பொதுவாக அரசமைப்பின் 102-ஆம் பிரிவு விடாது. வைமார் அரசமைப்பின் 39-ஆம் பிரிவோ நேர்மாறு: அரசு அலுவலர் உறுப்பினராகப் பணியாற்ற விடுப்புகூடக் கேட்க வேண்டாம். பெண் அலுவலர்களுக்கு எதிரான தனி விதிகளை 128-ஆம் பிரிவு ஒழித்தது. 1920 ஜூன் தேர்தலோடு அவருடைய உறுப்பினர் பதவி முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் தொகுதியான ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில், டென்மார்க் எல்லை பற்றிய பொதுவாக்கெடுப்பால் தேர்தல் 1921 பிப்ரவரிக்குத் தள்ளிப்போயிற்று. அதுவரை பழைய உறுப்பினர்களே தொடர்ந்தார்கள்.

கார்ல்ஸ்ரூவில் கையில் இருந்தது போரில் வாடிய குழந்தைகளும் காலிக் கஜானாவும். ஹாய்பெர்க் மலைமேட்டில் ஒரு ராணுவப் பயிற்சித் திடல் சும்மா கிடந்தது. வெர்சாய் ஒப்பந்தம் படையை ஒரு லட்சம் பேராகக் குறைத்துவிட்டதே காரணம். படைவீரர் குடியிருப்பு தயாராக இருந்ததால் அங்கே குழந்தைகள் உடல் தேறும் இல்லம் எழுந்தது. புதுக் கட்டடம் கட்டப் போயிருந்தால் பணவீக்கம் விழுங்கியிருக்கும்.

இன்னொரு சிக்கல், ஒரே வீட்டுக்கு மூன்று பேர் போவது. காசநோய்க்கு ஒருவர், கைக்குழந்தைக்கு ஒருவர், பள்ளிப் பிள்ளைக்கு இன்னொருவர். மூவருக்கும் மூன்று பதிவேடு, தாய்க்கு மூன்று விதமான அறிவுரை. வட்டாரத்துக்கு ஒரே நலப்பணியாளர், அவர் முழுக் குடும்பத்தையும் பார்க்கட்டும் என்பதே பாம் வாதிட்ட முறை. இதில் செலவும் குறைவு.

பெர்லின் சட்டம் போடும், மாநிலம் பணம் தேடும். ஒவ்வொரு குழந்தைக்கும் வளர்ப்பு பெறும் உரிமை உண்டு என்று 1922-இல் நிறைவேறிய இளைஞர் நலச் சட்டம் 1924 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வருமுன்பே, புதிய பணிகளை மாநிலங்கள் கட்டாயம் செய்ய வேண்டியதில்லை என்று பிப்ரவரியில் ஓர் அவசர ஆணை வந்தது. உரிமை ஏட்டில் நின்றது, கடமை கழன்றுகொண்டது.

1926-இல் பணியை விட்டார். பிறகு ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். பாட்டி யூதர் என்பதால் 1933-இல் நாஜி ஆட்சியில் அதுவும் போயிற்று. அதே ஆண்டு மார்ச்சில் ஹாய்பெர்க் இல்லத்தின் கட்டடங்களில் நாஜிகள் வதைமுகாம் திறந்தார்கள்.